பச்சை வரிகள்

வேதநாயகம் ஒரு டேபிளை அழித்தார். கீழ்க்கொல்லைக்குத் தண்ணீர் நின்றது.

நடந்தது இவ்வளவுதான்.

வேதநாயகம் இதை இப்படிச் சொல்ல மாட்டார். எவனோ ஒளித்து வைத்தான், நான் மாட்டிக்கொண்டேன் என்பார்.

ஊரின் குடிநீர் அலுவலகத்தில் டேட்டாபேஸ் அவர் பொறுப்பு. ஐம்பத்தேழு வயது. யாரையும் நம்புவதில்லை. வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பார். அந்த வேலைக்கு நல்ல குணம் என்று எல்லோரும் சொன்னார்கள். அதை மட்டும் நம்பினார்.

டேட்டாபேஸுக்குள் டேபிள் என்ற பட்டியல்கள். எந்தப் பகுதியில் எந்தத் தெரு, எந்தத் தெருவுக்கு எந்த நேரம், எல்லாம் அதில். அவற்றை எடுத்து வேலை பார்க்க ஸ்கிரிப்ட் என்ற கட்டளை வரிகள். ஒரு ஸ்கிரிப்ட் ஒரு டேபிளை நம்பி நிற்கும். அந்த ஸ்கிரிப்டை நம்பி இன்னொன்று. வருஷக்கணக்காகப் பல பேர் எழுதியது. எது எதை நம்பி நிற்கிறது என்று ஒருத்தருக்கும் முழுசாகத் தெரியாது.

தெரியாதது என்றால் வேதநாயகத்துக்கு ஆகாது.

ஒரு புரோகிராம் எழுதினார். அது எல்லா ஸ்கிரிப்டையும் படித்தது. எது எதன் பெயரைச் சொல்கிறதோ அதற்கு ஒரு அம்பு போட்டது. பெரிய படம் வந்தது. சில டேபிள்களுக்கு ஒரு அம்பும் இல்லை. அவற்றுக்கு அநாதைகள் என்று பெயர் வைத்தார். அழித்தார்.

மறுநாள் விடியற்காலை லாரிகளுக்கு ஆர்டர் போனது. எல்லாப் பகுதிக்கும் போனது. கீழ்க்கொல்லைக்கு மட்டும் போகவில்லை.

லாரி அனுப்பும் ஸ்கிரிப்டை எழுதியவன் எபனேசர். வேதநாயகத்தின் அறைக்கு வெளியே முதல் மேசை. அதிகம் பேச மாட்டான். பேசாதவன் மேல் வேதநாயகத்துக்கு இரண்டு மடங்கு சந்தேகம்.

விசாரணை முடியும் வரை அவனை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

தலைமைப் பொறியாளர் கேட்டார். "வேணும்னே ஒளிச்சானா?"

"வேணும்னேதான்."

"எழுதிக் குடுங்க. திங்கக்கிழமை அவன் கணக்கைத் தீர்த்து அனுப்பிடலாம். ஆனா எனக்கு இந்த டேபிள், ஸ்கிரிப்ட் எல்லாம் புரியாது. ஹமீதான்னு ஒருத்தங்க இருக்காங்களாமே, அவங்ககிட்ட காட்டுங்க. அவங்க ஆமான்னா நானும் ஆமா."

வேதநாயகத்துக்கு அது பிடிக்கவில்லை.

ஹமீதாவுக்கு நாற்பது இருக்கும். பெரிய கம்பெனிகளில் இருந்துவிட்டு, போதும் என்று வந்தவர். சிக்கிக்கொண்ட டேட்டாபேஸ்காரர்கள் அவர் வீட்டு மாடிப்படி ஏறுவார்கள். இறங்கும்போது முகம் வேறு மாதிரி இருக்கும். என்ன சொன்னாங்க என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அது ஒரு சந்தேகம்.

வீடு கீழ்க்கொல்லையில்.

அது அதைவிடப் பெரிய சந்தேகம்.



சனிக்கிழமை காலை போனார்.

தெருமுனையிலேயே அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். படத்தைச் சுருட்டி அக்குளில் இடுக்கியிருந்தார்.

தெரு நெடுக பிளாஸ்டிக் குடங்கள். சிவப்பு, நீலம், பச்சை. எல்லாம் காலி. ஆனால் வரிசையாக நின்றன. குடம் இல்லாத இடத்தில் ஒரு செருப்பு, ஒரு செங்கல்.

தண்ணீர் வராத தெருவில் எதற்கு வரிசை?

நின்று பார்த்தார்.

"யாரு வீட்டுக்கு?" ஒரு பெண் கேட்டாள்.

"ஹமீதாம்மா வீட்டுக்கு."

"தண்ணி ஆபீஸா?"

"இல்ல."

"மூஞ்சி தண்ணி ஆபீஸ் மூஞ்சியா இருக்கே."

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். "போடி இவளே. தண்ணி ஆபீஸ்காரன் இங்க எதுக்கு வரப் போறான்?"

வேதநாயகம் படியேறினார்.



ஹமீதா தரையில் பழைய பேப்பரை விரித்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"உட்காருங்க சார். ஒரே மீன் வாடை, பொறுத்துக்குங்க. என்ன கேள்வி?"

"கேள்வி இல்ல. புகார்."

"அதுக்குப் போலீஸ் ஸ்டேஷன் இருக்கே."

வேதநாயகம் பல்லைக் கடித்தார். "என் டேட்டாபேஸ்ல ஒருத்தன் ஒளிச்சு வெச்சிருக்கான். நிரூபிக்கணும்."

"எதை ஒளிச்சார்?"

"ஒரு டேபிளோட பேரை. அவன் ஸ்கிரிப்ட் அந்த டேபிளைக் கேக்குது. ஆனா பேரு ஸ்கிரிப்ட்ல எங்கயும் இல்ல."

"பேர் சொல்லாம எப்படிக் கேக்கும்?"

"துண்டு துண்டாப் பிரிச்சு வெச்சிருக்கான், மேடம். பகுதியோட பேரை ஒரு இடத்துலேர்ந்து எடுக்கிறான். 'தெரு'ங்கிற வார்த்தையை இன்னொரு இடத்துலேர்ந்து எடுக்கிறான். ஓடுற நேரத்துல ரெண்டையும் ஒட்டுறான். ஒட்டினாத்தான் டேபிள் பேரு. ஓடுறதுக்கு முன்னாடி நான் தலைகீழா நின்னு தேடினாலும் அகப்படாது. டேபிள் இல்லேன்னா சத்தமும் போடாது. கமுக்கமா அடுத்த பகுதிக்குப் போயிடும். திருட்டு வேலை."

ஹமீதா ஒரு மீனின் தலையைக் கிள்ளினார்.

"எல்லாப் பகுதிக்கும் இதே ஸ்கிரிப்ட்தானே?"

"அதேதான்."

"எல்லாப் பேரையும் இப்படித்தானே ஒட்டுது?"

"ஆமா."

"அப்ப மத்த பகுதி டேபிள் எல்லாம் ஏன் அநாதை ஆகல?"

"மத்த பகுதிக்கெல்லாம் குழாய் இருக்கு. குழாய் ஸ்கிரிப்டுங்க அந்தந்தப் பேரைச் சொல்லும். அம்பு வந்துடும். இங்க மட்டும்..."

நிறுத்தினார்.

"இங்க மட்டும்?"

"இங்க குழாய் இல்ல."

"ஆமா," என்றார் ஹமீதா. "இல்ல."

இன்னொரு மீன் தலையைக் கிள்ளினார்.

இந்தம்மா தன் தெருவுக்காகப் பேசுகிறாள் என்று வேதநாயகம் மனசுக்குள் குறித்துக்கொண்டார்.



"படத்தைக் காட்டுங்க."

விரித்தார். கூடத்தில் பாதி அதற்கே போயிற்று. நாலு மூலைக்கும் கனம் வைக்க வேண்டியிருந்தது. ஒரு மூலைக்கு அவர் செருப்பு கொண்டுவரப் போனார். ஹமீதா அம்மிக்குழவியைக் காட்டினார்.

பொட்டு பொட்டாகப் பெயர்கள். பெயருக்குப் பெயர் அம்பு. எறும்புப் புற்றை அறுத்து வைத்தது போல் இருந்தது.

"அழகா இருக்கு."

புகழ்ச்சி. வேதநாயகம் உஷாரானார்.

"இது எல்லாத்தையும் படிச்சுப் போட்ட படமா?"

"எல்லாத்தையும்."

"ஒண்ணு விடாம?"

"ஒண்ணு விடாம. பச்சையைத் தவிர."

ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் நடுநடுவே மனுஷருக்கென்று நாலு வார்த்தை எழுதி வைப்பார்கள். கம்ப்யூட்டர் அதைத் தாண்டிப் போய்விடும். திரையில் அந்த வரிகள் பச்சையாகத் தெரியும். எல்லா அலுவலகத்திலும் அதற்குப் பெயர் பச்சைதான்.

"பச்சையை என்ன பண்ணினீங்க?"

"சுரண்டி எடுத்துட்டேன். புரோகிராம் முதல் வேலையா அதைத்தான் பண்ணும். பச்சைல ஒரு பேர் இருந்தா அது கூப்பிட்டதா ஆகுமா? வெறும் பேச்சு. அதுக்கெல்லாம் அம்பு போட்டா படம் பொய் சொல்லும்."

"சரிதான்."

வேதநாயகம் இதை எதிர்பார்க்கவில்லை. "எல்லாரும் இப்படித்தான் பண்ணுவாங்க."

"அதுவும் சரிதான்."

"அப்ப என் மேல தப்பு இல்ல."

"நான் தப்புன்னு சொல்லவே இல்லயே." ஹமீதா மீன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "இப்ப மாத்திப் படிங்க."

"எப்படி?"

"பச்சையை மட்டும்."

"அதுல என்ன இருக்கப் போகுது?"

"சத்தமாப் படிங்க. அடுப்படில நிக்கிற எனக்கும் கேக்கணும்."

என்னை வைத்து விளையாடுகிறாள் என்று நினைத்தார். எழுந்து போய்விடலாம். போனால் திங்கட்கிழமை அறிக்கைக்கு இவள் ஆமா கிடைக்காது. ஆமா கிடைக்காவிட்டால் எபனேசர் மறுபடி முதல் மேசையில் வந்து உட்காருவான்.

தோள்பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துத் திறந்தார்.



புரோகிராமில் ஒரு வரியை மாற்றினால் போதும். எடுத்ததை வைக்கும், வைத்ததை எடுக்கும். மாற்றினார். திரை முழுக்கப் பச்சை.

யார் யாரோ எழுதியது. சிலது இங்கிலீஷ். சிலது இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். பேச்சு எல்லாம் இதே ஊர்ப் பேச்சு.

"'மழைக்காலத்துல இந்த வரியை நிறுத்தி வைக்கவும். ஏரிக்கரை ரோட்டுல லாரி இறங்கிடும்.'"

"ம்," என்றது அடுப்படி.

"'பள்ளிக்கூடம் விடும் நேரத்துல இந்தத் தெருவுக்கு அனுப்பக் கூடாது. ஒரு தடவை பட்டாச்சு.'"

"ம்."

"'ரம்ஜான் மாசம் ஹவுசிங் போர்டு பக்கம் ஒரு மணி நேரம் முன்னாடி போகணும். நோன்பு வைக்கிறவங்க இருக்காங்க.'"

"யாரு எழுதினது?"

"பேர் போடல."

"நல்லா இருக்கட்டும். மேல."

"'இது தற்காலிகம். வேதநாயகம் சார் கேட்டா...'"

நிறுத்தினார்.

"கேட்டா?"

"எவன்னு தெரியல. அதிகப்பிரசங்கி."

"படிங்க சார்."

"'வேதநாயகம் சார் கேட்டா ரெண்டு நாள்ல எடுத்துடுவோம்னு சொல்லவும். எடுக்க வேண்டாம்.'"

அடுப்படியில் சிரிப்புச் சத்தம். ஒளிக்காத சிரிப்பு.

வேதநாயகத்தின் காது சூடானது. தன் முதுகுக்குப் பின்னால் ஒரு சந்தையே நடந்திருக்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்த வீடு இது. உள்ளே இத்தனை பேர் பேசியிருக்கிறார்கள்.

வேகமாகப் படித்தார். ஒவ்வொரு வரியிலும் எவன் எவன் என்று தேடிக்கொண்டே படித்தார்.

அப்புறம் ஒரு வரியில் நின்றுவிட்டார்.



"என்ன சார், தீர்ந்துடுச்சா?"

அந்த வரியை முதலிலிருந்து மறுபடி பார்த்தார்.

ஹமீதா அடுப்படி வாசலில் வந்து நின்றார். "படிங்க."

வேதநாயகம் படித்தார். இந்தத் தடவை மெதுவாக.

"'கவனம். கீழ்க்கொல்லைத் தெரு டேபிளை எந்த ஸ்கிரிப்டும் பேர் சொல்லிக் கூப்பிடாது. தேடினாக் கிடைக்காது. இங்க ஓடுற நேரத்துலதான் பேர் சேருது. வேண்டாததுன்னு நினைச்சு யாரும் அழிச்சிடாதீங்க. அந்தப் பகுதிக்குக் குழாய் கிடையாது. அவங்களுக்குத் தண்ணியே இதுதான்.'"

"கீழ பேர் இருக்கா?"

"இருக்கு."

"சொல்லுங்க."

"எபனேசர்."



சந்தேகப்படுகிறவனுக்கு ஒரு கதவு அடைபட்டால் இன்னொன்று திறக்கும்.

"இது நேத்து சேர்த்ததா இருக்கும்," என்றார்.

"தேதியைப் பாருங்க."

பார்த்தார். அஞ்சு வருஷத்துக்கு முந்திய தேதி. டேட்டாபேஸ் தானே போடும் தேதி. யாரும் கை வைக்க முடியாதபடி பூட்டி வைத்தவர் அவரேதான்.

"அப்ப தெரிஞ்சிருக்கு!" குரல் உயர்ந்தது. "அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுக்கிட்டே கல்லுப் பிள்ளையார் மாதிரி உக்காந்திருந்தான். நான் விழணும்னு. மேடம், இது முன்னதைவிட மோசம்."

"சொல்லாமலா அழிச்சீங்க?"

"நானா? கூட்டம் போட்டேன். எல்லார் முன்னாடியும் ஒவ்வொரு அநாதைப் பேரையும் வாசிச்சேன். ஆட்சேபம் இருந்தா சொல்லுங்கன்னேன்."

"எபனேசர் இருந்தாரா?"

"இருந்தான்."

"ஒண்ணுமே சொல்லலயா?"

"சொல்லல."

"அசையவே இல்லயா?"

வேதநாயகம் படத்தைப் பார்த்தார். "கையைத் தூக்கினான்."

"நீங்க?"

"அவன் எப்பப் பார்த்தாலும் கையைத் தூக்குவான்."

"நீங்க?"

"அடுத்த டேபிளுக்குப் போயிட்டேன்."

ஹமீதா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். அவசரமில்லாமல் துடைத்தார்.

"கூட்டம் முடிஞ்சு வந்து சொல்லலாமே," என்றார் வேதநாயகம். "கால் இல்லையா அவனுக்கு?"

"வரலயா?"

"கதவு தட்டுற சத்தம் கேட்டுது. நான் பூட்டிட்டுத்தான் வேலை பார்ப்பேன்."

"டேபிளுக்கு பேக்கப் இருக்கா?"

"அது இல்லாம நான் எதையும் தொட மாட்டேன்."

"திரும்ப வெக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"டீ ஆறுறதுக்குள்ள வெச்சிடலாம்."

"ஏன் வெக்கல?"

"வெச்சா தடயம் கலைஞ்சிடும். திங்கக்கிழமை வரைக்கும் இருந்தது இருந்தபடி இருக்கணும்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தைகள் அவர் காதிலேயே விழுந்தன. கீழே தெருவில் ஒரு காலிக் குடம் உருளும் சத்தம். யாரோ யாரையோ திட்டினார்கள்.

ஹமீதா திட்டவில்லை. அது இன்னும் தொந்தரவாக இருந்தது.



"உங்க படத்துல ஒரு அம்பு குறையுது," என்றார் ஹமீதா. "போட்டுடுங்க."

அது நியாயம். வேதநாயகம் பேனாவை எடுத்தார். மண்டியிட்டார். முட்டி சொடக்கு விட்டது. படத்தின் ஓரத்தில் கீழ்க்கொல்லைத் தெரு என்று எழுதி, அதிலிருந்து எபனேசரின் ஸ்கிரிப்டுக்கு ஒரு அம்பு போட்டார்.

"போட்டாச்சு."

"அந்த ஸ்கிரிப்டை நம்பி யாரு?"

"லாரி."

"போடுங்க."

"மேடம், லாரி டேட்டாபேஸ்ல கிடையாது. இந்தப் படம் டேட்டாபேஸ்ல இருக்கிறதுக்கு மட்டும்தான்."

"போடுங்க."

போட்டார். லாரி என்று எழுதினார். அவருடைய ஒழுங்கான படத்தில் அது அசிங்கமாக இருந்தது.

"லாரியை நம்பி?"

"தெரு."

"போடுங்க."

"ஓரம் வந்துடுச்சு. காகிதம் இல்ல."

ஹமீதா ஜன்னல் திட்டிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்துக் கொடுத்தார்.

"தரை இருக்கு."

வேதநாயகம் சாக்பீஸைப் பார்த்தார். ஹமீதாவைப் பார்த்தார். முகத்தில் கிண்டல் இருக்கிறதா என்று தேடினார். இல்லை. இருந்திருந்தால் எழுந்து போயிருப்பார்.

தரையில் கோடு இழுத்தார். காவி பூசிய சிமெண்டுத் தரை. வெள்ளைக் கோடு பளிச்சென்று விழுந்தது.

"தெருவை நம்பி?"

"வீடு."

"வீட்டுல?"

"குடம்."

"குடத்தை நம்பி?"

"சமையல். குளியல். மனுஷங்க."

"எந்த மனுஷங்க?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"போடுங்க. தெரியாதுன்னு எழுதிப் போடுங்க."

முட்டி போட்டபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து போட்டார். வேட்டி கட்டியிருந்தால் பரவாயில்லை. பேண்ட் முட்டியில் காவி ஒட்டிக்கொண்டது. நாற்காலியைச் சுற்றிக் கோடு போனது. செருப்பு விடும் இடத்தைத் தாண்டியது. நிலைப்படிக்கு வந்துவிட்டார்.

"இதுக்கு மேல படி," என்றார்.

"ஆமா."

"படிலயும் போடணுமா?"



அப்போதுதான் ஹாரன் கேட்டது.



முரட்டு ஹாரன். தெரு முழுக்க ஒரே கூச்சல். குடங்கள் ஒன்றோடொன்று மோதின. "ஏய், என் செருப்பை எவடி தள்ளினது?" "தள்ளினா என்ன, உன் செருப்புல பிடிக்கப் போறியா தண்ணியை?"

வேதநாயகம் நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மாடி வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

குடிநீர் லாரி. அவருடைய அலுவலகத்து லாரி.

"வரக் கூடாதே!" என்றார்.

வாய் தவறி வந்துவிட்டது. ஆனாலும் வந்துவிட்டது.

"வருதே," என்றார் ஹமீதா.

"இதுக்கு ஆர்டர் கிடையாது. டேபிளே இல்லாம ஆர்டர் எங்கேருந்து வரும்?"

"மூணு நாள் ஒண்ணும் இல்ல. கடல் தண்ணில மீன் கழுவினோம். அப்புறம் வர ஆரம்பிச்சுது. விடியற்காலை வராது. இந்நேரத்துக்கு வரும், இல்லேன்னா பொழுது சாய. தினம் ஒண்ணு."

"நீங்க என்கிட்ட சொல்லவே இல்லயே!"

"நீங்க கேக்கவே இல்லயே சார். வந்ததும் படத்தை விரிச்சீங்க."

வேதநாயகத்தின் உடம்பெல்லாம் விறுவிறுத்தது. மறுபடி ஒரு கை. அவருக்குத் தெரியாமல், ஆர்டர் இல்லாமல், அவர் டேட்டாபேஸைத் தாண்டி ஒருத்தன் லாரி ஓட்டுகிறான். இது களவு. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். பிடித்தால் அறிக்கையில் இரண்டு பெயர்.

தடதடவென்று இறங்கினார்.

"வரிசைல வாய்யா!"

"பார்த்தா பெரிய மனுஷன், குடமும் இல்லாம முந்துறாரு பாரு!"

"முட்டியெல்லாம் என்னங்க அது? ஹமீதாக்கா தரை துடைக்க விட்டுடுச்சா?"

இடித்துத் தள்ளிக்கொண்டு லாரியின் முன்பக்கம் போனார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து உயர்த்தினார். சுற்றிலும் பேச்சு அறுந்தது.

"சொன்னேன்ல," என்றாள் முதலில் கேட்டவள். "தண்ணி ஆபீஸ் மூஞ்சி."

டிரைவர் ஸ்டியரிங்கில் கையை ஊன்றியபடி மேலிருந்து பார்த்தான். அட்டையைப் பார்த்ததும் இறங்கினான். பயப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"ஆர்டர் எங்க?"

"இல்ல சார்."

"ஆர்டர் இல்லாம எப்படி வந்தே?"

"ஆள் சொல்லி வந்தேன்."

"எந்த ஆள்? எவ்வளவு குடுத்தான்?"

"குடுக்கிறதா?" டிரைவர் சிரித்தான். "அவரு எங்க சார் குடுக்கப் போறாரு? லாரி ரொப்புற இடத்துல விடியும்போதே வந்து நிக்கிறாரு. செக்யூரிட்டி உள்ள விட மாட்டேங்கிறான். கேட்டுக்கு வெளியதான் நிக்கிறாரு. ஒவ்வொரு வண்டியா கையைக் காட்டி நிறுத்துறாரு. உங்க நடையெல்லாம் முடிச்சிட்டு, கடைசியா ஒண்ணு கீழ்க்கொல்லைக்கு அடிச்சுட்டுப் போங்கன்னு கேக்குறாரு. முதல் நாள் எவனும் நிக்கல."

"அப்புறம்?"

"மறுநாளும் வந்து நின்னாரு. என்ன பண்றது? எந்தத் தெரு மேடு, எங்க திருப்பினா வண்டி மாட்டாது, எந்த வீட்டுல நடக்க முடியாத கிழவி இருக்கு, எல்லாம் மனப்பாடமாச் சொல்றாரு. ஒரு காகிதம் கையில கிடையாது. இப்ப நாங்க ஆள் மாத்தி ஆள் வரோம்."

 வேதநாயகத்தின் கை அட்டையோடு கீழே இறங்கியது. மற்ற கையில் சாக்பீஸ் இன்னும் இருந்தது.

பின்னால் குழாயைத் திறந்துவிட்டார்கள். முதல் குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"ஆபீஸ்காரரா?" என்று கேட்டார்.

"இருந்தாராம். இப்ப உள்ள விடலயாம்."

"பேரு?"

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே சார்," என்றான் டிரைவர். "எபனேசர்."